ஓடின வண்டியின் நிறம்

"இது எந்த ரூட்ல ஓடுது?"

நான் செய்த விண்கலத்தை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி இது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டியது. "நல்லா இருக்கும்மா" என்ற ஒரு வார்த்தைக்காகப் போயிருந்தேன். விண்வெளியில் ஓடுகிறது என்றேன்.

"அது சரி. எங்க கிளம்புது, எங்க போய் நிக்குது, என்ன லோடு ஏத்துது? அது தெரியாம எங்க அழுக்குப் படியும், எங்க பெயிண்ட் போகும்னு நான் எப்படிச் சொல்றது?"

மாமா எனக்குச் சொந்தமில்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே அவர் மாமாதான். ஜே.சி. ரோடு பக்கம் ஒரு ஷெட்டில் 38 வருஷம் கார், வேன், லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். டிங்கர் தட்டிச் சீராக்கிக் கொடுத்த தகரத்துக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிபட்ட இடமே தெரியாமல் பழைய நிறத்தைக் கொண்டுவருவது அவர் தொழில். முழங்கால் போனபின் வீட்டோடு இருக்கிறார். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். 1975இல் விண்ணுக்குப் போன ஆரியபட்டா, நம் முதல் செயற்கைக்கோள், இதே பீன்யாவின் ஷெட்டுகளில்தான் உருவானது. மெட்ரோவில் இறங்கி நடக்கும்போதெல்லாம் எந்தக் கூரையைப் பார்த்தாலும் அதன் அடியிலா என்று ஒரு நினைப்பு வரும்.

விண்கல ஆசை எனக்கு சினிமாவில் வந்தது. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் வரும் கப்பல் வெள்ளை வெளேரென்று, யாரும் தொடாத பொருள் மாதிரி இருக்கும். ஒன்பது வருஷம் கழித்து 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அதில் கப்பல்கள் கரி பிடித்து, எண்ணெய் கசிந்து, தகடு பெயர்ந்து கிடந்தன. பார்த்தவுடன் நம்பத் தோன்றியது. அந்தக் கப்பல்களைச் செய்தவர்கள் கடையில் விற்கும் டாங்கி, விமானப் பொம்மைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, உள்ளிருந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் அந்த நுணுக்கங்களை உண்டாக்கினார்கள். பீரங்கி வண்டியின் சக்கரத் துண்டு ஒன்று இயந்திரத்தின் மூடியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே, பல ஆயிரம் விலையுள்ள ஜப்பான் மாடல் பெட்டியை வாங்கும் யோசனையை விட்டேன். துண்டு துண்டாக ஒட்டுவதென்றால் எனக்கு எதற்குப் பெட்டி? பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் எஸ்.பி. ரோடு இருக்கிறதே.

உடம்புக்கு, பக்கத்தில் கட்டடம் கட்டும் இடத்தில் பிளம்பர் அறுத்துப்போட்ட இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய். இறக்கைக்கும் தட்டுகளுக்கும், போர்டு எழுதும் கடையில் மிச்சமான சன்போர்டு. எஸ்.பி. ரோட்டில் பழைய பிரிண்டர் பிரித்துப்போடும் கடையில் ஒரு கை நிறையப் பல்சக்கரங்கள். கீபோர்டு பொத்தான்கள், பேனா மூடிகள், ஃபியூஸ் போன எல்.இ.டி. பல்புகளின் அடிப்பாகம். அந்த அடிப்பாகங்கள் நான்கைப் பின்னால் பொருத்தினால் அசல் என்ஜின். தலையிலிருந்து வால் வரை 45 சென்டிமீட்டர். 1க்கு 100 அளவு என்று வைத்துக்கொண்டேன். நிஜத்தில் 45 மீட்டர் நீளக் கப்பல்.

மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. சனி கோளின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டிதான். அங்கே பனிக்கட்டி ஏற்றி, செவ்வாயில் குடியேறியவர்களுக்குத் தண்ணீராக இறக்குகிறது என் கப்பல். சொன்னதும் மாமாவின் முகம் மாறியது. "தண்ணி லாரின்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றிப் பெங்களூரில் பாதி ஊர் தண்ணி லாரிக்குக் காத்திருந்தது. அந்த வெயிலில் குடத்தோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. லாரி வந்ததா, எத்தனை லிட்டர் தருவார்கள் என்றுதான் பார்த்தேனே தவிர, லாரியைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போ. பெயிண்டைத் தொடாத. ஒரு லாரிய முழுசாப் பாத்து எழுதிக்கிட்டு வா" என்றார் மாமா.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடிக்குக் கீழே தண்ணீர் தளும்பி வழிந்த தடம் கறுப்பாக இல்லை. தூசியைக் கழுவிக்கொண்டு இறங்கியதால் சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாக இருக்கிறது. துரு, தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. வெல்டிங் போட்ட மடிப்பிலும் கீலின் அடியிலும் தொடங்கி, ஒற்றைக் கோடாகக் கீழே இறங்குகிறது. ஏணியின் மூன்றாவது படி மட்டும் நடுவில் பளபளக்கிறது. டிரைவர் கை வைக்கும் ஜன்னல் விளிம்பில் பெயிண்ட் போய் பிரைமர் தெரிகிறது, பிரைமர் போய் இரும்பு தெரிகிறது, ஆனால் அங்கே துரு இல்லை, தினமும் கை படுவதால். ஹோஸ் மாட்டும் கொக்கி கண்ணாடி மாதிரி. சக்கரத்துக்குப் பின்னால் சேறு விசிறி போல விரிந்து தெறித்திருக்கிறது. மாமா எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது படியப் பாத்தியே, இனிமே பெயிண்ட் வாங்கலாம்" என்றார்.

ஆனால் அதற்கு முன் நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். துரு பிடிக்க ஈரமும் பிராணவாயுவும் வேண்டும். வெட்டவெளியில் இரண்டும் இல்லையே. லாரியை அப்படியே கப்பலில் ஏற்றினால் பொய்யாகிவிடாதா? மாமாவுக்கு அந்தச் சந்தேகம் பிடித்துப்போனது. "அப்ப அங்க என்னதான் தேய்க்கும்? அதக் கண்டுபிடி."

தேடிப் படித்தேன். மேலே காற்று மறைக்காத சூரிய ஒளி சாயத்தை வெளுக்கவைக்கும். பூமியைச் சுற்றும் கலங்களைத் தனி அணுவாகத் திரியும் ஆக்ஸிஜன் மெல்ல அரிக்கும். 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிறு குழி விழுந்தது. மோதியது வேறெதுவும் இல்லை, ஏதோ ஒரு கலத்திலிருந்து உரிந்து பறந்த பெயிண்ட் செதில். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செதில், ஆனால் துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம். இதைச் சொன்னபோது மாமா வெகுநேரம் பேசவில்லை. வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் செதிலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டவர் அவர். இன்னொன்றும் சொன்னேன். 1981இல் விண்ணோடங்களின் முதல் இரண்டு பயணங்களுக்கு மட்டும் பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளை அடித்தார்கள். மூன்றாவதிலிருந்து பெயிண்டே இல்லை. 270 கிலோ எடை மிச்சம். அதனால்தான் அந்தத் தொட்டி படங்களில் செங்கல் நிறத்தில் தெரிகிறது. "இருநூத்தி எழுபது கிலோ பெயிண்டா!" என்று மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்கு நல்ல பாடம் 2025 ஜூலையில் கிடைத்தது. நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து திரும்பிய நாள். அவர் போன டிராகன் கலத்துக்கு கிரேஸ் என்று பெயர், அதற்கு அதுதான் முதல் பயணம். ஜூன் 25இல் வெள்ளையாகக் கிளம்பியது. ஜூலை 15இல் கலிபோர்னியா கடலில் இறங்கியபோது, சுட்ட அப்பளம் மாதிரி பழுப்பேறி இருந்தது. செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மாமாவும் நானும் பார்த்தோம். கரி கீழே வழியவில்லை. வெப்பம் தாங்கும் அடிப்பாகம்தான் முன்னால் பாய்ந்து வருகிறது. அதனால் தீயின் தடம் அடியிலிருந்து மூக்கை நோக்கி மேலே ஓடியிருக்கிறது. "காத்து எந்தப் பக்கம் அடிச்சுதோ அந்தப் பக்கம்தான் கோடு" என்றார் மாமா. என் கப்பலுக்கு அதோடு இரண்டு விதி கிடைத்துவிட்டது: செவ்வாயின் காற்றில் இறங்கும்போது பிடித்த கரி, அடியிலிருந்து மேல்நோக்கி, தரையில் நின்று தண்ணீர் இறக்கும்போது வழிந்த தடம், மேலிருந்து கீழ்நோக்கி. துருவுக்கு இடம், தண்ணீர் வெளியேறும் வால்வைச் சுற்றி மட்டும்.

பெயிண்ட் வேலை அதற்கு முன், ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தது. குழாயின் வழவழப்பில் பெயிண்ட் நிற்காது. தண்ணீர் தொட்டு 320 நம்பர் தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். என்ஜினுக்கு முன்னால் ஒரு ஷாம்பூ பாட்டில் மூடி வைத்திருந்தேன். அதை மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்து, இதில் சாதா பிரைமர் தோலாக உரிந்து வரும், கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் வேண்டும் என்றார். தனி டப்பா வாங்கப் பணமில்லாமல் மூடியை மாற்றிவிட்டேன்.

மொட்டை மாடியில் பிரைமர் ஸ்ப்ரே அடித்தோம். டப்பாவை ஒரு அடி தள்ளிப் பிடித்து, பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பொருளைத் தாண்டியபின் விட வேண்டும். பொருளின் மேலேயே நிறுத்தினால் வழிச்சல் விழும். மெல்லிசாக மூன்று கோட்டிங். மாமா எனக்கு ரப்பர் முகமூடி வாங்கவைத்தார், கரி வடிகட்டி வைத்தது. துணி முகமூடியோ கொரோனா காலத்து முகமூடியோ தின்னர் ஆவியைத் தடுக்காது. "நாங்க கைக்குட்டையக் கட்டிக்கிட்டு அடிச்சோம்" என்றார். அவருடைய இருமல் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த முகமூடியைச் சொல்வேன். அதைத் தவிர்த்து மற்றதெல்லாம் 1,100 ரூபாய்க்குள் முடிந்தது.

அடிநிறத்துக்கு ஏர்பிரஷ் இல்லை. கைவினைக் கடையில் கிடைக்கும் ஃபெவிகிரில் சீசாக்கள்தான். சுத்த வெள்ளை வேண்டாம் என்றார் மாமா. வெள்ளையில் ஒரு துளி கறுப்பு, ஒரு துளி மஞ்சள் காவி. பாலாடை நிறம் வந்தது. தண்ணீர் கலந்து பால் பதத்தில் ஐந்து முறை பூச வேண்டியிருந்தது. முதல் பூச்சில் பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரிந்ததும் பதறிக் கெட்டியாக அடிக்கப் போனேன். பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துவிட்டு டீ போடச் சொன்னார். காயட்டும் என்று அர்த்தம். தகடு தகடாகத் தெரிய, சில சதுரங்களுக்கு மட்டும் அதே நிறத்தில் கொஞ்சம் சாம்பல் கூட்டியும் குறைத்தும் அடித்தோம். யாரும் கவனிக்காத வித்தியாசம்தான். ஆனால் அது வந்த பிறகு குழாய் மறைந்து கப்பல் தெரிந்தது.

பெயிண்ட் பெயர்ந்த இடங்களைப் போடுவதில்தான் நான் தோற்றேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, கரும்பழுப்பில் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி முக்கால்வாசி நிறத்தை எடுத்துவிட்டு, விளிம்புகளில் லேசாகத் தட்ட வேண்டும். கை ருசி கண்டுவிட்டது. ஒரே ராத்திரியில் கப்பல் முழுக்கத் தட்டிவிட்டேன். காலையில் எடுத்துப்போனேன். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புள்ளியைக் காட்டி, "இது நெசத்துல எவ்வளவு பெருசு?" என்றார். கணக்கு எழுதுகிறவள் நான், அங்கேயே புரிந்துவிட்டது. 1க்கு 100இல் ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்றால் நிஜத்தில் பத்து சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். உள்ளங்கை உள்ளங்கையாகப் பெயிண்ட் பெயர்ந்த கப்பலை யார் ஓட்டுவார்கள்? அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. "இது ஓடின வண்டி இல்லம்மா. அம்மை போட்ட வண்டி."

பாலாடை நிறத்தை மறுபடி பூசி மூடினேன். இரண்டாவது தடவை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே கை படும்? கதவு. எங்கே கால் படும்? ஏணி. எங்கே உராயும்? இன்னொரு கலத்தோடு இணையும் வளையம். அந்த மூன்று இடத்தில் மட்டும் ஸ்பாஞ்ச். மற்ற இடங்களில் மிக மெல்லிய பிரஷ் முனையால் ஒன்றிரண்டு. பெயர்ந்த புள்ளிக்குள் இன்னும் சின்னதாக ஒரு இருண்ட புள்ளி வைத்தால் பள்ளம் தெரியும். இரும்பு மின்னும் இடத்துக்கு 6பி பென்சிலைச் சுரண்டிய தூளை விரலால் தேய்த்தால் போதும். எந்த வெள்ளிப் பெயிண்டும் அந்த மினுமினுப்பைத் தராது. ஏணியின் மூன்றாவது படிக்கும் அதே பென்சில்.

அதன்மேல் பாதுகாப்புக்குக் கிளியர் என்னும் நிறமில்லாத பூச்சை அடித்த அன்று வானம் மூட்டம். தூறல் நின்ற இடைவெளியில் அவசரமாக மாடிக்குப் போனேன், மாமாவைக் கேட்காமல். பத்து நிமிஷத்தில் கப்பல் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்தது. ஐந்து மாத உழைப்பு. அழுதுகொண்டே படி இறங்கினேன். மாமா பதறவில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் அவர் ஷெட்டில் கார்களுக்கே நடந்திருக்கிறது. மூன்று நாள் கழித்து நல்ல வெயிலில், அதே கிளியரைப் பனி மாதிரி ஒரே ஒரு வீச்சு. அடிப்பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை கண்ணெதிரே கரைந்தது. நான் பார்த்த வித்தைகளில் அது பெரிது.

அழுக்குக்குப் போஸ்டர் கலர். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் அதே சின்னச் சீசா. விலை குறைவு என்பதற்காகத்தான் வாங்கினேன், ஆனால் இந்த வேலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான். போஸ்டர் கலரோ காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரையும். போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். பழுப்பும் கறுப்பும் கலந்து, டீத் தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் முத்து முத்தாக நிற்காமல் பள்ளங்களுக்குள் ஓடும். கால் மணி நேரம் விட்டு, லேசாக நனைத்த பட்ஸால் மேலிருந்து கீழே இழுத்துத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் போச்சு. இழுத்த திசையில் மிஞ்சும் கறைதான் தண்ணீர் வழிந்த தடம். மூடிக்குக் கீழே மட்டும் சுத்தத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கைக் கழுவி இரண்டு வெளுத்த கோடுகள் விட்டேன், நோட்டில் முதலில் எழுதியது போல.

செவ்வாயின் மண் சிவப்பதற்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு. நம் செம்மண் சிவப்பதற்கும் அதுவேதான். கோலார் பக்கம் போன தோழி ஒரு பொட்டலம் மண் கொண்டுவந்தாள். பழைய வேட்டித் துணியில் சலித்து, கப்பலின் கால்களிலும் அடிவயிற்றிலும் மெத்தென்ற பிரஷ்ஷால் ஒற்றினேன். என்ஜின் கரிக்கு என் பாட்டியின் வழி: விளக்குச் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மைக்குக் கரி எடுப்பாள். அதே கரி. என்ஜின் வாயில் தொடங்கி மேலே மெலிந்துகொண்டே போகும்படி விரலால் இழுத்தேன். அவ்வளவு கறுப்பை எந்தச் சீசாவிலும் பார்த்ததில்லை. கடைசியில் மேட் கிளியர் அடித்தால் தூள் கொஞ்சம் மங்கிவிடும் என்று தெரிந்து, ஒரு பங்கு கூடவே போட்டிருந்தோம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. வாசல் திண்ணையில் வெயிலில் வைத்து மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தன வருஷமா ஓடுது?"

"முப்பது வருஷம் மாமா."

"முப்பது வருஷத்துல ஒரு ரிப்பேர்கூட நடக்கலியா? எவனும் இதுக்கு டச்சப் பண்ணலியா?"

உடனே புரிந்தது. இடது பக்கம், இணைப்பு வளையத்துக்குக் கீழே ஒரு தட்டு. எதுவோ மோதி, மாற்றி, புதிதாகப் பெயிண்ட் அடித்த தட்டு. மற்றவை வெளுத்திருக்க, இது மட்டும் கொஞ்சம் புதுசாக, நிறம் சேராமல் நிற்க வேண்டும். இதை மாமாவே போடட்டும் என்று பிரஷ்ஷை நீட்டினேன். இத்தனை மாதத்தில் அவர் என் கப்பலில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

பழைய சாஸர் ஒன்றில் வெள்ளை, ஒரு துளி கறுப்பு, காவி. கலந்தார். கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அச்சு அசல் அதே வெளுத்த நிறம். துடைத்துவிட்டு மறுபடி கலந்தார். மறுபடியும் அதேதான். வெயிலில் வெளுத்த வண்டிக்கு நிறம் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. 38 வருஷம் அதற்காகவே தேடி வந்தார்கள் அவரை. மூன்றாவது தடவையும் கை தானாகக் காவியைத் தேடிப் போனது.

சாஸரை என் பக்கம் தள்ளினார். "எனக்கு வராதும்மா. நீ போடு."

ஒரு துளி வெள்ளை கூட்டினேன். காவியைத் தொடவில்லை. அவர் கப்பலை அசையாமல் பிடித்துக்கொண்டார், நான் பூசினேன்.